லைட் பார்க்க எடுத்த படங்கள்

மதினி,

நேற்றுக் காலை ஆமத்தூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் படம் எடுக்கக் கிளம்பும்போது, வெளிச்சம் திருப்பப் பிடிக்கும் தெர்மாகோல் அட்டை உடைந்துவிட்டது. வண்டியில் கட்டக் கயிற்றை இழுத்தேன், இரண்டு துண்டாகிவிட்டது. புதிது வாங்க டீச் செலவுதான் ஆகும். ஆனால் அதன் ஓரத்தில் உங்களுடைய நான்கு விரல் தடம் சாம்பல் நிறத்தில் இருக்கிறது. எந்த சோப்புக்கும் போகாது என்று நீங்கள் சலித்துக்கொண்ட அந்தப் பட்டாசுக் கம்பெனி அலுமினியப் பவுடர். பாக்கிங் டேப் சுற்றி அதையே எடுத்துக்கொண்டு போனேன்.

களைப்பாக இருக்கிறது, மதினி. இந்த மாதம் முகூர்த்தம் அதிகம். பெண்ணைச் சிரிக்கச் சொல்லி, மாப்பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லி, தாய்மாமனைத் தேடிப் பிடித்து நிறுத்துவதற்குள் நாக்கு வறண்டுவிடுகிறது. சிவகாசி அச்சகத்தில் லேபிள் பிரிவில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பேன். பழைய கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு விருதுநகர் மிளகாய் வத்தல் களம், கண்மாய்க் கொக்கு, மழைக்கு முந்தைய மேகம் என்று சுற்றுவேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதான் வேலை. மேகம் வந்தால் வெளிச்சம் போய்விடுமே என்று எரிச்சல்தான் வருகிறது.

இந்தத் தொழிலுக்கு என்னை இழுத்து விட்டது நீங்கள்தான். தாயில்பட்டி வீட்டு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, என் மேகப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். "நல்லாத்தான் இருக்கு கொழுந்தனாரே. ஆனா மேகமா காசு குடுக்கப் போகுது? மனுசர எடுங்க" என்றீர்கள். அடுத்த வாரமே பக்கத்துத் தெருச் சடங்குக்கு என்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தீர்கள். கூலி கேட்க எனக்குக் கூச்சம். "சும்மா எடுத்துக் குடுத்தா சும்மா எடுத்த படம்னுதான் சொல்லுவாக" என்று என்னை அதட்டிவிட்டு, நீங்களே போய்ப் பேசினீர்கள். அந்த முதல் வருமானத்தில் அண்ணனுக்கு ஒரு சட்டை வாங்கினோம்.

அதற்குப் பிறகு கம்பெனி லீவு நாளெல்லாம் என்னோடு வந்தீர்கள். பெண் அலங்காரம் முடிந்து வருவதற்குள் நான் வெளிச்சம் பார்த்து வைக்க வேண்டும். அந்த இடத்தில் நீங்கள்தான் போய் நிற்பீர்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெண்ணைப்போலவே தலையைக் குனிந்து, பிறகு நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். இரண்டு மூன்று படம் எடுத்துப் பார்த்துக்கொள்வேன். பெண் வந்ததும் விலகி, தெர்மாகோலைப் பிடித்து அவள் முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்புவீர்கள்.

விலகும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்.

"அழிச்சிட்டீகளா?"

"அழிச்சிட்டேன் மதினி."

"காட்டுங்க, பாப்போம்."

காட்டுவேன். நம் பக்கத்தில் ஒரு பொம்பளை தனியாக, நேராகப் பார்த்து நின்று எடுத்த படம் என்றால் அது மாலை போடுகிற படம். வெடி வேலைக்குப் போகிற வீட்டில் அந்த நினைப்பே ஆகாது. பிள்ளையோடு நிற்கலாம், கூட்டத்தோடு நிற்கலாம், தனியாக மட்டும் கூடாது. இத்தனைக்கும், இறந்தவர்களின் படத்தைப் பெரிதாக்கித் தரும் வேலையை நான் மாட்டேன் என்றபோது, "அதையும் செய்யுங்க. மூஞ்சி இல்லாம எதுக்குப் போயி அவுக மாலை போடுவாக?" என்றவரும் நீங்கள்தான். கல்யாணக் கூட்டத்திலிருந்து ஒரு தலையை வெட்டி எடுத்து, பக்கத்தில் நிற்பவரின் தோளை அழித்து, பின்னால் நீல நிறம் கொடுப்பதில் கைதேர்ந்தவனாகிவிட்டேன்.

கடைசியில் உங்களுக்கும் அதைத்தான் செய்தேன்.

வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தீர்கள். நெஞ்சை அடைக்கிறது என்றீர்களாம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. வந்தவர்களெல்லாம், "எந்தக் கம்பெனியில?" என்றுதான் கேட்டார்கள். வீட்டில் வைத்துத்தான், மாரடைப்பு என்றால் பாதிப் பேர் நம்பவில்லை. மத்தியானம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏலே, ஊரையே படம் எடுக்கிறவன் நீ. இவளுக்கு ஒண்ணு இருக்குமில்லலே?" என்று கேட்டார்.

கம்பெனி அடையாள அட்டையில் ஒரு முகம் இருந்தது. "களவாணி மாதிரி இருக்கேன்" என்று நீங்களே அதைத் திருப்பித்தான் மாட்டிக்கொள்வீர்கள். என் படங்களில் தேடினால், தெர்மாகோலுக்குப் பின்னால் பாதி நெற்றி, பெண்ணின் சடையைச் சரிசெய்யும் ஒரு கை, ஓரத்தில் சேலைத் தலைப்பு. எத்தனை சடங்கு, எத்தனை கல்யாணம். ஒவ்வொன்றிலும் நல்ல வெளிச்சத்தில் நேராக நின்றீர்கள். அத்தனையையும் ஒழுங்காக அழித்திருக்கிறேன். மதுரையில் ஒரு கடையில் மெமரி கார்டைக் கொடுத்து, அழித்ததை மீட்டுத் தரச் சொன்னேன். அந்த இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்றார்கள். மீண்டு வந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாணம்தான்.

இப்போது சுவரில் இருப்பது ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியது. அதில் நீங்கள் கேமராவைப் பார்க்கவில்லை, யாருக்கோ பூ நழுவுகிறது என்று பக்கத்தில் பார்க்கிறீர்கள். "எந்தப் பக்கம் நின்னாலும் நம்மளப் பாக்க மாட்டேங்காளேலே" என்றார் அண்ணன் ஒருநாள். குற்றமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அப்படிக் கேட்டது.

நேற்று ஆமத்தூரில் பெண் வரத் தாமதமானது. வெளிச்சம் பார்க்க யாராவது நில்லுங்கள் என்றேன். பெண்ணின் அம்மா வந்து நின்றார். அடுப்படியிலிருந்து நேராக வந்தவர், நெற்றியில் வியர்வை. முதலில் விறைத்தார், பிறகு யாரோ கேலி செய்ய, பொங்கிச் சிரித்தார். ஒட்டுப் போட்ட அட்டையை ஒரு நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தேன். அதிலிருந்து போன வெளிச்சம் அவர் முகத்தில் அழகாக விழுந்தது. மூன்று படம் எடுத்தேன்.

விலகும்போது அவரும் கேட்டார்: "தம்பி, அத அழிச்சிருங்க, என்ன?"

"அழிச்சிட்டேம்மா" என்றேன்.

அழிக்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து ஒன்றையும் அழிப்பதில்லை. அம்மாக்கள், அத்தைகள், சித்திகள் எல்லோரும் தனித்தனியாக, நேராகப் பார்த்துச் சிரித்தபடி என் வீட்டில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறார்கள். மாலை போட யாரும் அவர்களைக் கேட்டு வராமலே இருக்கட்டும். செய்வது சரியா என்று தெரியவில்லை. எல்லோரிடமும் கூசாமல் பொய் சொல்கிறேன், மதினி. உங்களிடம் மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.