பாண்டியராஜ் கையெழுத்திட்ட எஸ்டிமேட்

சங்கரன்கோவில்
18.5.2025

அன்பு மகன் வெங்கடேஷுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பிள்ளையும் அந்த தோஹா வெயிலில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கோமதியம்மனை நினைத்துக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், எனக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை. போன வெள்ளிக்கிழமை நீ போனில் கோபப்பட்டு பாதியிலேயே வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நானும் கூப்பிடவில்லை. போனில் பேசினால் நீ மறுபடியும் வெட்டிவிடுவாய், கடிதத்தை வெட்ட முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த தெரு சாஜிதா பானு புதன்கிழமை தோஹாவுக்குப் புறப்படுகிறாள், அவளிடம் இதையும் அரைக்கிலோ எள்ளுருண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

"அவன்தான் வேலையைத் திரும்பச் செஞ்சு குடுத்துட்டானே, பின்ன ஏம்மா அவன் பொழப்புல மண்ணப் போட்டீங்க" என்று கேட்டாய். பாண்டியராஜ் உன்னோடு ஒன்றாகப் படித்தவன், மாடி வேலைக்கு நீதான் அவனை வீட்டுக்கு அனுப்பிவைத்தாய், உனக்கு வருத்தம் இருக்கும்தான். ஆனால் நீ அவன் வாயால் கேட்டதை மட்டும் வைத்துப் பேசுகிறாய். நடந்ததை நான் முதலிலிருந்து சொல்லுகிறேன்.

போன ஆவணியில் பாண்டியராஜ் பைக்கில் வந்து முற்றத்தில் நின்றான். முன்னறையில் ஒழுகுகிற இடத்தைக் காட்டினேன், மாடிச் சாவியையும் எடுத்து வந்தேன். அவன் சிரித்துக்கொண்டு, "எதுக்கும்மா மேல ஏறிக்கிட்டு, இங்கன நின்னு பாத்தாலே சொல்லிருவேன்" என்றான். ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் 'மாடி ஒழுக்கு வேலை, டைல்ஸ் பதிப்பது, மொத்தம்' என்று ஒரே வரி எழுதி அதற்குக் கீழே ஒரு தொகையைப் போட்டான். தண்ணீர் இறங்காமல் இருக்க என்ன மருந்து, எத்தனை சதுரடி, எத்தனை நாள், திரும்ப ஒழுகினால் யார் பொறுப்பு, ஒன்றும் கிடையாது. நம்ம பையன் என்று நாங்களும் கேட்கவில்லை. ஆறே நாளில் மாடி பளபளவென்று ஆனது. ஐப்பசி மழை நாலாம் நாள் மத்தியானம், அப்பா கட்டிலில் படுத்திருக்கும்போது முன்னறைச் சீலிங்கிலிருந்து முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து அவர் வலது தோளில் விழுந்தது. நான் அடுப்படியில் இருந்து ஓடி வந்தபோது அவர் வாயைத் திறந்துகொண்டு என்னையே பார்த்தார். எலும்பு முறிந்ததும் திருநெல்வேலியில் பிளேட் வைத்ததும் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று நான் அவனுக்குப் போன் செய்ததும் அவன் சொன்ன பதிலும். "யம்மா, நீங்க சொன்ன வேலையத்தான் செஞ்சேன், மருந்து அடிக்கணும்னு எஸ்டிமேட்டுல எழுதியிருக்கா, எடுத்துப் பாருங்க" என்றான். அண்ணாச்சிக்கு எப்படி இருக்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், இவனை அவன் கையெழுத்தாலேயே பிடிக்க வேண்டும் என்று.

தை பிறந்ததும் கடையநல்லூரிலிருந்து பீர் மைதீன் என்று ஒரு கொத்தனாரை வரச் சொன்னேன். அந்த மனுஷன் காப்பியைக்கூட அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நேரே மாடிக்குப் போனார். டேப் பிடித்து அளந்தார், சுத்தியல் காம்பால் தட்டித் தட்டி எங்கே பொள்ளலாகச் சத்தம் வருகிறதோ அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார், நாலு குடம் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தார். தண்ணீர் வடிகுழாய்ப் பக்கம் போகாமல் முன்னறைக்கு மேலேயே குளமாக நின்றது. "தண்ணி எங்கன நிக்கின்னு பாக்காம என்னத்தக்கா எஸ்டிமேட் போட" என்று சொல்லிக்கொண்டே ஒரு டைல்ஸைப் பெயர்த்துக் காட்டினார். அடியில் மருந்தும் இல்லை, பழைய தளத்தைக் கொத்திவிடவும் இல்லை, அழுக்கு மேலேயே சிமெண்டைக் கொட்டி ஒட்டியிருந்தான். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் இரண்டு பக்கத்துக்கு எஸ்டிமேட் அனுப்பினார். பொருள் தனி, கூலி தனி, மருந்தின் பெயர், எத்தனை கோட்டிங், தண்ணீர் ஓட எத்தனை அங்குல வாட்டம், இடித்ததை யார் அள்ளிப் போடுவது, எந்த வேலை முடிந்தால் எவ்வளவு பணம், கொத்திப் பார்த்தபின் கம்பி துருவேறியிருந்தால் கூடுதல் செலவு என்ன, எல்லாம் எழுத்தில். நீ மாடியில் ரூம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயே, அதன் ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். யார் வந்தாலும் இப்படி ஒன்று தராதவனை வாசலிலேயே அனுப்பிவிடு. இன்னும் ஒருவரிடமும் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பார். எவன் 'இன்னைக்கே அட்வான்ஸ் குடுத்தா குறைச்சுப் போடுதேன்' என்று சொல்லுகிறானோ அவனை நம்பாதே.

அதன் பிறகு பனவடலிசத்திரத்தில் உன் அத்தை ராஜகுமாரியிடம் பேசினேன். அவள் வீடும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. மாசியில் அவள் பாண்டியராஜைக் கூப்பிட்டாள், நான் முதல் பஸ்ஸிலேயே போய் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். அவள் நமக்கு என்ன உறவு என்று அவனுக்குத் தெரியாது. அங்கேயும் அவன் மேலே ஏறவில்லை. "சங்கரன்கோவில்ல ஆறுமுகச்சாமி அண்ணாச்சி வீட்டுக்கு நான்தான் செஞ்சேன்க்கா, பழைய தளத்தைக் கொத்தி ரெண்டு கோட்டிங் மருந்து அடிச்சு பத்து வருசம் கேரண்டி குடுத்திருக்கேன், விசாரிச்சுக்கோங்க" என்று உன் அப்பா பெயரையே வைத்து அவன் சொல்லுவது என் காதில் விழுந்தது. நான் சொல்லிவைத்தபடியே ராஜகுமாரி, "எங்க வீட்டுக்காரங்க எழுத்துல இல்லாம ஒத்துக்கிட மாட்டாங்க, அங்கன செஞ்சதை அப்படியே எழுதிக் குடுங்க தம்பி" என்றாள். வேலை கிடைக்கிற சந்தோஷத்தில் அவன் தன் லெட்டர்பேடை எடுத்து, ஆறுமுகச்சாமி வீட்டில் செய்துகொடுத்தபடியே என்று தொடங்கி, கொத்தியது, மருந்து, கேரண்டி எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு சீலும் வைத்தான். அவள் அதை வாங்கி அடுப்படிக்குள் கொண்டுவந்து என் கையில் தந்தாள். நான் வெளியே வந்தேன். அவன் எழுந்து நின்று "யம்மா" என்றான். நான் சத்தம் போடவில்லை. இது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமா, இல்லை பீர் மைதீன் எழுதிய எஸ்டிமேட்படி உன் செலவில் நீயே வந்து செய்கிறாயா என்று மட்டும் கேட்டேன். செய்கிறேன் என்றான்.

பங்குனி வெயிலில் பதினோரு நாள் செய்தான். ஆளை அனுப்பினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், நீயும் கொத்த வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாடியில் குடை பிடித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைக்கு உள்ள வரியை அவன் வாயாலேயே வாசிக்கச் சொல்லி, பிறகுதான் வேலையைத் தொடங்கவிட்டேன். கையில் கொப்புளம் வந்து துணி சுற்றிக்கொண்டு கொத்தினான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அப்பா கீழேயிருந்து, "ஏட்டி, போதும் விடுட்டி" என்று இரண்டு தடவை சொன்னார். நான் விடவில்லை. பீர் மைதீன் வந்து தண்ணீர் கட்டிப் பார்த்து, வாட்டம் சரி, ஒழுக்கு இல்லை என்று சொன்னார்.

இனி நீ கோபப்பட்ட இடத்துக்கு வருகிறேன். போகும்போது அவன் அந்தத் தாளைக் கேட்டான், நான் கொடுக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுக்கவில்லை. போன வாரம் நம் தெருக் கல்யாண மண்டபக் கமிட்டிக்காரர்கள், மண்டபத்துக் கூரை வேலையைப் பாண்டியராஜிடம் கொடுக்கலாமா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். அந்தத் தாளையும், பெயர்த்தெடுத்த டைல்ஸையும், அப்பா தோளின் எக்ஸ்ரேயையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூரைக்குக் கீழே ஐந்நூறு பேர் உட்காருவார்கள், ஊர் நன்மைக்காகச் சொன்னேன் என்று உன்னிடம் சொல்லலாம், கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நான் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல மாட்டேன். அவனுக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

மாடி சரியாகிவிட்டதே என்கிறாய். மாடி சரிதான். அப்பாவுக்கு இன்றைக்கும் வலது கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. காலையில் கண்ணாடி முன்னால் இடது கையால் தலை வாரிப் பார்த்துவிட்டு, வராமல் சீப்பை என்னிடம் நீட்டுகிறார். முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டிய கை. வாரிவிடுகிறேன், ஒவ்வொரு தடவையும் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வருகிறது. அவர் என்றைக்குத் தன் கையால் வகிடு எடுக்கிறாரோ, அன்றைக்கு அந்தத் தாளை நானே கிழித்துப் போடுகிறேன்.

பிள்ளைக்கு இருமல் விட்டதா என்று எழுது, ஏசிக்கு நேரே படுக்கப் போடாதீர்கள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வை. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். பாண்டியராஜ் உனக்கு மறுபடியும் போன் செய்வான். எடுத்துப் பேசு, முகத்தை முறிக்காதே. அண்ணாச்சிக்குக் கை எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கிறானா என்று பார். கேட்டால் எனக்குச் சொல்லு.

உன் நல்லதையே நினைக்கும் அம்மா,
கோமதித்தாய்