முற்றத்துச் சுவர்

தம்பிக்கு,

சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற உனக்குத் தபாலில் எழுதுகிறேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், கூப்பிட மனமில்லை.

பாகூர் வட்டாரத்துப் பழைய வீடுகளை அளந்து பதிவு செய்யும் என் வேலையில், இந்த வாரம் நம் வீட்டின் முறை. கூட வந்த ஜெயசுதா டேப்பைப் பிடித்தபடி கேட்டாள்: "இன்னா சார், முற்றத்து நடுவுல சுவரு? தண்ணி போற வழி அந்தாண்ட இருக்குது. உங்க பக்கத்து மழைத்தண்ணி எப்டி போவும்?"

"போகாது" என்றேன்.

"அதான் பின்சுவரு இப்டி ஊறிக் கெடக்குது. அடுத்த மழைக்கு நிக்காது சார்."

பாகம் பிரித்த அன்று கயிறு பிடித்தவன் நீ. தண்ணீர் வழி உன் பக்கம் விழும்படி பிடித்தாய். அதை நான் மறக்கப்போவதில்லை.

ஆனால் பின்கட்டு உத்திரம் இரண்டு பாகத்துக்கும் ஒன்றுதான். அதன் ஒரு முனை என் ஊறிய சுவரில் இருக்கிறது. மறுமுனைக்குக் கீழே உன் மகள் படுக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் என் பக்கமிருந்து முற்றத்துச் சுவரை இடிப்பார். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் பக்கம் சுவரோரம் இருக்கும் வாஷிங் மெஷினை மட்டும் நகர்த்தி வை.

உனக்கு மூத்தவன்