சோமுவின் புளியமரமும் நீ அனுப்பிய சிப்பும்

திருகோணமலை,
12.08.2007

அன்பு மகள் பூரணிக்கு அம்மா எழுதுவது. பத்திரகாளி அம்மன் துணையில் நானும் அப்பாவும் சுகம், லண்டனில் நீயும் மருமகனும் சின்னவளும் சுகமாய் இருக்க அவளைத்தான் கும்பிடுகிறேன். இங்கே கச்சான் காற்று அடித்துக் கொளுத்துகிறது, இரண்டு மாதமாய் ஒரு துளி மழை இல்லை, கிணற்றில் அடி தெரிகிறது. துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் அப்பா இப்போது கதிரையை விட்டு எழும்புவதுகூட இல்லை.

மரம் களவு போனால் அடையாளம் காண நீ மெஷினோடு அனுப்பிய சிப்பைச் சோதனைச் சாவடியில் பார்த்த ஆமிக்காரன், இது என்ன அரிசிமணி மாதிரி என்று கேட்டான். மரத்துக்குள் வைக்கிறது, மெஷினைப் பிடித்தால் நம்பர் காட்டும் என்று உள்ளதைச் சொன்னேன், விசர் மனுஷி என்று நினைத்து விட்டுவிட்டான். பூக்கன்றுக் கடை ஜெமீல்தான் தம்பி சோமுவின் போன்சாய்ப் புளியில் சின்னத் துளை போட்டு அதை வைத்து மெழுகால் அடைத்தார். போன ஆடியில் அப்பாவுக்கு மருந்து வாங்கப் போன அன்றும் சோமு அதற்குத் தண்ணி ஊற்றிவிட்டுத்தான் போனான், போனவன் போனவன்தான். சிப் வைத்துப் பத்தாம் நாள் அதே மரம் களவு போனது, மற்ற ஆறு சட்டியும் அப்படியே இருந்தன. நாசமாய்ப் போவான் என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன், என் வாயில் புண் வர.

போன கிழமை ஜெமீல் உப்புவெளியில் ஒரு வீட்டு முற்றத்தில் அந்த மரத்தைக் கண்டு மெஷினைப் பிடித்தாராம், நம்பர் சரி. அந்த வீட்டு மனுஷன் நல்லவர், மறுபேச்சில்லாமல் தந்துவிட்டார். றோட்டில் ஒரு மெலிந்த பெடியனிடம் வாங்கினாராம், ஒவ்வொரு நாளும் விடியத் தண்ணி ஊத்துங்கோ, மறந்திடாதேங்கோ என்று இரண்டு தரம் சொன்னானாம். மரத்தைப் பார்த்தால் மேல் கொப்பில் புதுச் செப்புக் கம்பி, இடக்கையால் சுற்றிய சுற்று. ஜெமீல் எத்தனை தரம் திருத்தியும் கேட்காமல் அப்படிச் சுற்றுகிறவன் எங்கள் வீட்டில் ஒருவன்தானே. ஐயோ பிள்ளை, அதை அப்பாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அப்பாவோ, உனக்கு விசர், ஊரில் எத்தனை இடக்கைக்காரர் என்கிறார். தம்பியின் மரணச் சான்றிதழ்ப் படிவத்தை றேடியோவுக்குக் கீழே வைத்திருக்கிறார், நானும் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். அவரும் பாவம், மருந்துக்கு அனுப்பியது தான்தானே என்று உள்ளுக்குள் வேகிறார். ஆனால் நான் விட்ட பிழை பெரிது மகள். தம்பிதான் வைத்திருக்க இடமில்லாமல் மரத்தை அங்கே கொடுத்துவிட்டு, போய்வந்து பார்த்திருப்பானோ? நான் மெஷின் வைத்துத் தேடிப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேனே.

அதனால் மரத்தைப் படலைக்கு வெளியே கல்லின்மேல் வைத்திருக்கிறேன். மூன்று நாளாய் விடிய நான் வாளியோடு போக முதலே சட்டி மண் ஈரமாய் இருக்கிறது. அப்பா கோணேசர்மேல் சத்தியமாய்த் தானில்லை என்கிறார், ஜெமீலும் இல்லை என்கிறார்.

சின்னவளுக்குச் சனிக்கிழமையில் எண்ணெய் வைத்துக் குளிக்க வார், நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உங்களைக் காப்பாள். இனிச் சிப் அனுப்பாதே. அந்த மரம் திரும்பவும் களவு போய்விட்டது என்று நான் எழுதினால் அழாதே பிள்ளை, அன்றைக்கு அங்கே அம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்று.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கமலேஸ்வரி