புகை கேட்ட விதைகள்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

அந்த ஆஸ்திரேலியப் பாலைவனப் புல் முளைத்துவிட்டது அப்பா! ஏழு மாதமாகச் செம்மணலும் வெயிலும் தண்ணீரும் கொடுத்தும் அசையாத விதை. அந்த மண்ணில் தீ எரிந்து ஓய்ந்து, மழையும் பெய்தால்தான் அது எழுமாம்; தீயின் புகைதான் அதை எழுப்புமாம். அதனால் நான் மாஷிமா என்று கூப்பிடும் வங்காளி வீட்டுக்கார அம்மாவின் சாம்பிராணிச் சட்டியை வாங்கிப்போய், ஆய்வகத்தில் தேங்காய் நாரைப் புகையவிட்டேன். தீ மணி அடித்து நாலு மாடி ஆட்களும் சால்ட் லேக் தெருவில் நின்றார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. திட்ட வந்த தீயணைப்பு அதிகாரியிடம், "எங்கப்பாவும் உங்க வேலைதான் சார்" என்றேன். சிரித்துவிட்டார். பத்தாம் நாள் பதினோரு முளை.

முப்பது வருஷம் தீயை அணைத்த உங்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். நம் வீட்டுத் தேங்காய் நார் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கிறது. இருந்தாலும் அனுப்புங்கள்.

நிறுத்தத்தில் நின்றுதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

அனுராதா