மீன் பழசுதான்

அண்ணை,

இரண்டு நாளாக என் வீடு முழுக்க மீன் வெடுக்கு. காரணம் நீங்கள். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, ப்ளீஸ், உதைக் கார்பேஜிலை போடுங்கோ" என்று கெஞ்சுகிறாள். போட முடியாது. சாப்பாட்டு மேசையில், யன்னல் வெளிச்சத்தில் மீன் கிடக்கிறது. பக்கத்தில் நீங்கள் அனுப்பிய தபாலட்டை. படிப்பிப்பதை விட்டாலும், எதையும் செய்து காட்டி நிரூபிக்கிற பழக்கம் என்னை விடவில்லை.

உங்களோடு ஓவியம் பார்க்கப் போவதுபோல ஒரு உபத்திரவம் உலகத்தில் இல்லை. நம் முதியோர் சங்கத்தை அந்த அமெரிக்க ஓவியக் கண்காட்சிக்கு அழைத்துப் போனவன் நான். ஒரு மண்டபம் நிறைய உணவுப் படங்கள். ஒரு கிழமை படித்துவிட்டுப் போயிருந்தேன். பழைய ஓவியர்கள் பழமும் மீனுமாக மேசையை நிறைத்தது புது நாட்டின் செழிப்பைக் காட்ட; பின்னால் வந்தவர்கள் கேக் துண்டுகளையும் சூப் அடைத்த தகர ரின்களையும் வரிசை வரிசையாக வரைந்தது, எல்லாம் ஒரே அச்சாகிப் போனதைக் காட்ட. யார் கேட்டார்கள்? முப்பது வருடம் ஸ்காபரோ மீன்கடையில் மீன் வெட்டிய உங்களைச் சுற்றித்தான் எல்லாரும்.

"உந்தக் கேக்கை வெட்டினவன் கத்தியை நனைக்கேல்லை, கரை பிசிறிக் கிடக்கு" என்றீர்கள். சூப் ரின்களுக்கு முன்னால் மட்டும் கையை விரித்தீர்கள்: "உதுக்குக் கண் இல்லை, மாஸ்டர். நான் என்னெண்டு சொல்லுறது?"

பிறகு அந்த மீன் படம். "உது ரெண்டு நாள் மீன். கண் உள்ளுக்குப் போயிட்டுது, பாருங்கோ."

"அது வெளிச்சம் விழுகிற விதம், அண்ணை."

"வெளிச்சம் பட்டால் கண் தாழுமே?" என்று, செவுளைத் தூக்கிப் பார்க்கிறவர்போல விரலை நீட்டினீர்கள். காவலாளி பாய்ந்து வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. பொறுமைக்குப் பேர்போன நான் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "மீன்கடைக் கண்ணாலை படம் பாக்கேலாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் என்னை விட்டுப் பின் இருக்கையில் போய் இருந்தீர்கள். ஒரு கிழமையில் இந்த அட்டை வந்தது. முன்பக்கம் அதே படம், பின்பக்கம் உங்கள் கோணல் எழுத்து: "மாஸ்டர், கோவமோ? மீன் பழசுதான்." இதே ரூஜ் பகுதியில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு, தபாலில்! சமாதானமாக வருகிற மனிதர் அப்படியா எழுதுவார்? வீம்புக்குப் பதில் போடவில்லை. மாசியில் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

முந்தநாள் நல்ல புது மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன், வெளிச்சம்தான் காரணம் என்று காட்ட. திரையை இழுத்தேன், விளக்கை மாற்றினேன். கண் பளிச்சென்றே நின்றது. இன்று தாழ்ந்துவிட்டது, அட்டையில் இருப்பதுபோலவே. அந்த ஓவியர் ஆறுதலாக, நாள்கணக்கில் வரைந்திருக்கிறார். அவர் வரைய வரைய மீன் கெட்டிருக்கிறது. மறைக்காமல் அதையும் வரைந்திருக்கிறார். அன்று அந்த மண்டபத்தில் அதைக் கண்டது நீங்கள் ஒருவர்தான்.

இனி எந்தப் படத்தின் முன் நின்றாலும் முதலில் கண்ணைத்தான் தேடப்போகிறேன். படம் பார்க்கிறதையும் கெடுத்துவிட்டீர்கள்.

உங்கள் அட்டைக்குப் பதில்: ஓம், கோவம்தான். மீனும் பழசுதான்.