எச்சில் வற்றினால்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் சுகம், ஒரு கடைவாய்ப்பல் மட்டும் போய்விட்டது.

நான் ஓட்டும் கிரேனிலிருந்து இறங்கிக் கழிப்பறைக்குப் போனால் மேஸ்திரி முறைப்பார் என்று, பகலெல்லாம் தண்ணீரே குடிக்காமல் இருந்தேன். வாய் காய்ந்தே கிடந்தது. "எச்சில்தான்மா பல்லுக்குக் காவல். அது வத்தினா சொத்தை சும்மா விடுமா?" என்றார் பல் டாக்டர்.

மறுநாள் தண்ணீரோடு ஏறினேன், இரண்டு முறை இறங்கினேன். "பொம்பளைய ஏத்தினா இப்படித்தான்" என்று மேஸ்திரி கத்தினார்.

"போன பல்லை நீங்க முளைக்க வைப்பீங்களா? நாளைக்கும் இறங்குவேன்" என்றேன். அடுத்த சுமையைத் தூக்கக் கை காட்டினார்.

மேலே கிரேன் கூண்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. உங்கள் குரலைப் பதிவு செய்து அனுப்புங்கள்; திட்டினாலும் சரி. சைரன் ஊதுகிறது, ஏறுகிறேன்.

உங்கள் மகள்