முள்ளு சீத்தாவுக்குச் சொன்ன சாட்சி

சென்னை,
5.11.2024

அன்புள்ள அக்கா,

போனைப் பாதியில் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் உன் வீட்டுக்காரர் டேவிட்சன் பாவா எடுத்து, "உங்க அக்கா பேசமாட்டேன்றாம்மா. லெட்டர் போடச் சொல்றா. லெட்டர்ல நீ கத்துனா அவளுக்குக் கேக்காதாம்" என்கிறார். சரி, எழுதுகிறேன். எழுத்திலும் கத்துவேன், தெரிந்துகொள்.

இரண்டாவது கீமோ ஊசிக்கு நீ வரவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மார்பில் புற்றுநோய்க் கட்டியை வைத்துக்கொண்டு முள்ளு சீத்தா சாறு குடிக்கிறாயாம். யார் சொன்னது என்று கேட்டால் நான்தான் சொன்னேனாம். நான் எப்போது சொன்னேன்? ஆய்வுக்கூடத்தில் ஒரு சின்னத் தட்டில் புற்றுநோய்ச் செல்களை வளர்த்து, அவற்றின் மேல் அந்தப் பழத்தின் சாரத்தை விட்டுப் பார்த்தோம். கொஞ்சம் செத்தன. அவ்வளவுதான். அந்தப் பேப்பர்காரன் 'திருத்தணிப் பெண்ணின் கண்டுபிடிப்பு' என்று என் போட்டோவோடு போட்டுவிட்டான். என்னைக் கேட்டா போட்டான்?

தட்டில் இருக்கிற செல்லுக்கு வயிறு உண்டா, ஈரல் உண்டா? பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீரை ஊற்றினால்கூட அது சாகும். அதற்காக அதை எடுத்துக் குடிப்பாயா?

தயவுசெய்து கிளம்பி வா.

கோபத்தோடும் அதைவிடப் பயத்தோடும்,
கெசியா

*

திருத்தணி,
10.11.2024

செல்லம் கெசி,

சுகமாக இருக்கிறாயா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் கடிதத்தை உங்கள் பாவா சத்தமாக வாசித்தார். எதிர்வீட்டுக்கே கேட்டிருக்கும்.

நீ சோப்பு என்கிறாய். இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு நம் வீட்டு மரத்து முள்ளு சீத்தாவைக் காணிக்கையாக வைத்தேன். ஆராதனை முடிந்ததும் போதகர் ஜெபரத்தினம் ஐயா உன் பெயரைச் சொல்லித்தான் ஏலம் விட்டார். பூசணிக்காயை ஒருத்தரும் சீண்டவில்லை, இதற்கு அப்படி ஒரு போட்டி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுந்து நின்று, என் தங்கை கண்டுபிடித்த பழத்தால் ஆண்டவர் எனக்குச் சுகம் தருகிறார் என்று சாட்சி சொல்லிவிட்டேன். பாதிப்பேர் அழுதுவிட்டார்கள். இப்போது போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்னொன்றும் சொல்கிறேன். முதல் ஊசிக்குப் பிறகு சீப்பில் முடி கொத்தாக வந்ததை நீ பார்க்கவில்லை. குடித்த தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறதடி. பழம் தித்திப்பாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் கௌரியம்மாளுக்கும் தினம் ஒரு டம்ளர் கொடுக்கிறேன். அவளும் இதே நோய்க்காரிதானே, ஆபரேஷன் முடிந்து மாத்திரையில் இருக்கிறவள்.

கத்தாமல் பதில் போடு.

ஜெபத்தில் உன்னை மறக்காத
அக்கா தபிதாள்

*

சென்னை,
15.11.2024

அக்கா,

கத்தத்தான் செய்வேன். சாட்சியாம் சாட்சி! ஆண்டவர் வந்து உன்னிடம் ஏலம் கேட்டாரா? சொன்னது தப்பு என்றால் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று மாற்றிச் சொல். வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும். கட்டி போகாது.

அதே சாரத்தை நல்ல செல்கள் மேலும் விட்டுப் பார்த்தோம். அவையும் செத்தன. அதுவும் என் கட்டுரையில் இருக்கிறது. அதை மட்டும் பேப்பர்காரனும் போடவில்லை, உங்கள் போதகரும் ஏலம் விடவில்லை.

முடிக்கா பயப்படுகிறாய்? நானும் வந்து உன்னோடு மொட்டை அடித்துக்கொள்கிறேன். மலைக்கு வந்து முடி கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் தெருவெல்லாம் நடக்கிற ஊரில் நம் இரண்டு பேரை யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? அம்மா போன பிறகு பள்ளிக்கூடம் போக எனக்குத் தலை வாரிவிட்டவள் நீ. உன்னையும் அனுப்பிவிட்டு நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவேன், சொல்.

கௌரியம்மாள் மாத்திரையை நிறுத்திவிடவில்லையே? முதலில் போய் அதைக் கேள்.

கெசியா

*

திருத்தணி,
25.11.2024

கெசி,

இதைப் போனிலேயே சொல்லலாம். அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி கௌரியம்மாளைப் போய்க் கேட்டேன். மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். நான் சர்ச்சில் சொன்னது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. எனக்கு வந்ததே கோபம். டாக்டர் கொடுத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜூஸ் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாயே, உனக்கு அறிவு இருக்கிறதா என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். நீ எழுதிய சோப்புத் தண்ணீரைக்கூட விடவில்லை. அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டாள்.

"நீ ஊசிக்குப் போறியாக்கா? நீ போனா நானும் மாத்திரை முழுங்குறேன். நீயே பழத்தைக் குடிச்சிகினு என்னை மட்டும் ஏன் திட்டுற?"

வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஆராதனையில் எழுந்து, பழம் பழம்தான், மருந்து இல்லை, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்றேன். ஏலத்தில் எடுத்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். போதகர் ஐயா உடனே அடுத்த பாட்டைச் சொன்னார். வெட்கம் ஒரு வாரத்தில் போகிறதா, பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நானும் கௌரியம்மாளும் வருகிறோம். சென்ட்ரலில் வந்து நில். கட்டி முன்னைக்கு இப்போது பெரிதாகக் கைக்குத் தெரிகிறது. உன்னிடம் சொல்லப் பயந்துகொண்டு இருந்தேன். திட்டுவதாக இருந்தால் கௌரியம்மாள் எதிரில் திட்டாதே, அவள் சிரிப்பாள்.

மொட்டை அடிக்கிறேன் என்றாயே, அடித்துவிடாதே. எனக்குத்தான் போகப் போகிறது. தலை வாரிவிட உன் முடியாவது இருக்கட்டும்.

அக்கா